எஸ்டீமுக்கு எந்த கேம்? – வாசகர் கேள்விகளும் பட்டறைப் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன: தினமும் ரோட்டில் ஓட்டும் காரின் எஞ்சினைப் பவர் ஏற்றிக் கட்ட வேண்டும், என்ன பார்ட்ஸ் வாங்குவது? பொள்ளாச்சித் தம்பியின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். அவருக்கான பதில் நீளமாகத்தான் இருக்கும்.

கேள்வி: அண்ணா, என்னிடம் 2002 மாடல் மாருதி எஸ்டீம் இருக்கிறது, 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் (கார்புரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீச்சுவது). அப்பா வாங்கிய வண்டி, விற்க மனம் வரவில்லை. 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆயில் குடிக்கிறது. எப்படியும் எஞ்சினைப் பிரிக்க வேண்டும், அப்படியே கொஞ்சம் பவர் ஏற்றிவிடலாம் என்று ஒரு லிஸ்ட் போட்டிருக்கிறேன். 288 டிகிரி கேம், 11.5 கம்ப்ரஷனுக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன், 4-1 ஹெடர், பெரிய த்ராட்டில் பாடி, எடை குறைத்த ஃப்ளைவீல். தினமும் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை வால்பாறை. லிஸ்டில் எதை முதலில் வாங்கலாம்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, உங்கள் லிஸ்டில் இல்லாத ஒரு பொருளை முதலில் வாங்கச் சொல்கிறேன். வண்டியில் டேக்கோமீட்டர் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, அதாவது ஆர்.பி.எம்., என்று காட்டும் மீட்டர்) இல்லையென்றால் ஒன்று பொருத்துங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டி, முள் எங்கே நிற்கிறது என்று சாயங்காலம் வந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கிணத்துக்கடவு தாண்டி நேர் ரோட்டில் எவ்வளவு, உக்கடம் நெரிசலில் எவ்வளவு, ஆழியாறிலிருந்து மேலே ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றையும் விட்டு வெளியே வரும்போது எவ்வளவு. எனக்குத் தெரிந்து முக்கால்வாசி நேரம் 1,500-க்கும் 4,000-க்கும் நடுவில்தான் இருக்கும். 6,000-ஐத் தொடுவது நாளுக்கு ஓரிரு முறை, ஓவர்டேக் பண்ணும்போது.

இப்போது உங்கள் லிஸ்டைப் பாருங்கள். கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு; டிகிரி கூடினால் வால்வு திறந்திருக்கும் நேரம் கூடும். 288 டிகிரி கேமில் இன்லெட் வால்வு (கலவை உள்ளே வரும் வால்வு) ரொம்ப நேரம் திறந்திருக்கும். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும் அது மூடாது. 6,500 ஆர்.பி.எம்.மில் அது நல்லது, ஏனென்றால் வேகமாக வரும் காற்று தன் உந்துதலிலேயே சிலிண்டருக்குள் புகுந்துகொண்டிருக்கும். 2,500-ல் அந்த வேகம் கிடையாது. உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளிவிடும். சிலிண்டர் முக்கால் வயிறுதான் நிறையும். வால்பாறை வளைவை இரண்டாவது கியரில் விட்டு வெளியே வந்து மிதித்தால் வண்டி ஒன்றும் செய்யாது. பழைய தேய்ந்த எஞ்சினே தேவலை என்று தோன்றும்.

4-1 ஹெடரும் (நான்கு எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே இடத்தில் ஒன்றாகச் சேர்வது) பெரிய த்ராட்டில் பாடியும் (எஞ்சினுக்குள் காற்றை விடும் வாசல்) அதே மாதிரிதான், இரண்டும் மேல் ஆர்.பி.எம்.முக்கு ஆனவை. 11.5 கம்ப்ரஷன் (கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற விகிதம்) அந்தப் பெரிய கேமோடு சேர்ந்தால் பொருந்தும், ஏனென்றால் கீழே இழந்ததைக் கொஞ்சம் ஈடுகட்டும். ஆக, லிஸ்ட் போட்டவருக்கு விஷயம் தெரியும். செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேயில் 2.1 கிலோமீட்டர் சுற்றைச் சுற்றிச் சுற்றி வரும் வண்டிக்கு இதைப் போட்டிருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். உங்கள் வேலைக்கு இது ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998-ல் ஒரு வாடிக்கையாளர் காரில் இப்படி ஒரு பெரிய கேமைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் அவர் திரும்பி வந்தார், முகம் வெளுத்திருந்தது. மேட்டுப்பாளையம் கடைவீதியில் மெல்ல ஊர்ந்து வரும்போது மூன்றாவது தடவை மிதித்த பிரேக் கல் மாதிரி இறுகிவிட்டது என்றார். முன்னால் நின்ற தள்ளுவண்டியை நூலிழையில் தவிர்த்திருக்கிறார். காரணம் தேட வெகு நேரம் ஆகவில்லை. பிரேக் பூஸ்டர் வேலை செய்வது மேனிஃபோல்டு வாக்குவத்தில். ஐடிலிங்கில் பாதரச அளவில் 18 அங்குலம் இருக்க வேண்டிய வாக்குவம், வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடியதால், 10-க்கு இறங்கியிருந்தது. இரண்டு மிதியில் பூஸ்டர் காலி. கேமைக் கழற்றி என் செலவில் பழையதைப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த கேம் மாற்றினாலும் வாக்குவம் கேஜ் மாட்டிப் பார்க்காமல் வண்டியை வெளியே விடுவதில்லை. ஆள் பிழைத்தது எங்கள் இருவரின் அதிர்ஷ்டம்.

சரி, நான் என்ன கட்டுவேன் என்று சொல்கிறேன்.

உங்கள் எஞ்சின் ஜி13பிபி. போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ., மொத்தம் 1,298 சி.சி. அதே எஞ்சின்தான் ஜிப்ஸியிலும் முதலில் வந்த 1.3 பெட்ரோல் ஸ்விஃப்டிலும் இருந்தது. அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை, வேலை தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. ஆயில் குடிக்கிறது என்றால் போர் தேய்ந்திருக்கும். போர் கேஜ் போட்டு மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், இரண்டு திசையில், நான்கு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். 24 எண்கள் வரும். அந்த 24-ஐயும் எழுதித் தராத பட்டறையில் பிளாக்கை இறக்காதீர்கள்.

0.5 மி.மீ. ஓவர்சைஸ் (போரைக் கடைந்து அவ்வளவு பெரிதாக்குவது) போதும் என்று வந்தால் அதோடு நிறுத்துங்கள். ‘இன்னும் கொஞ்சம் போர் பண்ணினால் சி.சி. ஏறும்’ என்று யாராவது சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள்: 74.5-க்குப் போனால் 1,316 சி.சி., 75-க்குப் போனால் 1,334 சி.சி. அந்த அரை மி.மீ.யில் நீங்கள் பெறுவது 18 சி.சி. தருவது சிலிண்டர் சுவரின் கனம். அடுத்த ரீபோருக்கு வைத்திருக்க வேண்டிய இரும்பை வீணாக்காதீர்கள்.

ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்துச் சீர்செய்வது) பண்ணும்போது டார்க் பிளேட் போட்டுப் பண்ண முடியுமா என்று கேளுங்கள். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது சிலிண்டர் வட்டம் கொஞ்சம் கோணும். ஹெட் இருக்கிற மாதிரியே ஒரு கனத்த தட்டை இறுக்கி வைத்து ஹோன் பண்ணினால், ஓடும்போது உண்மையான வட்டம் கிடைக்கும். ரிங்கு ஒழுங்காக உட்காரும். இது கடையில் வாங்கும் பொருள் இல்லை, பெட்டியில் வராது, யாருக்கும் காட்ட முடியாது. ஆனால் உங்கள் பணத்தில் இதற்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன்.

பிஸ்டன் சாதாரண வார்ப்புப் பிஸ்டனே போதும், கம்பெனி ஓவர்சைஸ். நீங்கள் டர்போ போடப் போவதில்லை, 8,000 சுற்றப் போவதில்லை. உங்கள் ஸ்ட்ரோக்கில் 7,000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 17.6 மீட்டர்தான் வருகிறது. நல்ல நிலையில் இருக்கும் வார்ப்புப் பிஸ்டனும் கம்பெனி ராடும் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) 20 மீட்டர் வரை தாங்கும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு (வார்க்காமல் அழுத்தி அடித்து உருவாக்கியது) வைத்த பணத்தை ராடு போல்ட்டுக்குக் கொடுங்கள். ஒன்று மட்டும்: போல்ட் மாற்றினால் ராடின் பெரிய கண் வட்டம் மாறும். புதுப் போல்ட்டை முழு டார்க்கில் இறுக்கி அளந்து, தேவைப்பட்டால் ரீசைஸ் பண்ணிய பிறகுதான் பேரிங் போட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. நான்கு பிஸ்டனையும் எடை போட்டு ஒரு கிராமுக்குள் கொண்டுவாருங்கள், நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

கம்ப்ரஷனை 10.2 பக்கத்தில் வைப்பேன். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹெட்டைக் கவிழ்த்து, கண்ணாடித் தட்டால் மூடி, பியூரெட்டில் திரவம் விட்டு அறையின் கொள்ளளவை அளக்க வேண்டும். அதோடு கேஸ்கட் கனம், பிஸ்டன் தலையின் பள்ளம், பிளாக் முகத்திலிருந்து பிஸ்டன் எவ்வளவு கீழே நிற்கிறது எல்லாம் சேர்த்து மேலே மிஞ்சும் இடம் 38 சி.சி. என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 74.5 போரில் ஒரு சிலிண்டர் 329 சி.சி. 329-ஐ 38-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 9.66. உங்களுக்கு 10.2 வேண்டுமென்றால் மேலே 35.8 சி.சி.தான் இருக்க வேண்டும். 2.2 சி.சி. குறைக்க வேண்டும். 75 மி.மீ. துளை உள்ள கேஸ்கட்டின் கனத்தில் அரை மி.மீ. குறைந்தால் சரியாக அந்த 2.2 சி.சி. போய்விடும்.

ஹெட்டை ஃபேசிங் பண்ணி (அடிமுகத்தைச் சீவி) குறைப்பதைவிட மெல்லிய கேஸ்கட் எனக்குப் பிடிக்கும், அது கிடைக்குமானால். பிஸ்டன் தலைக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் உள்ள இடைவெளி 1 மி.மீ. பக்கத்தில் வந்தால், பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்துக் கலவையை நசுக்கி நடுவுக்குத் தள்ளும். எரிவது சீராகும், நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) குறையும். கம்ப்ரஷன் ஏறியும் நாக்கிங் குறைவது இப்படித்தான். அதைவிடக் கிட்டே போகாதீர்கள், சூட்டில் ராடு நீளும். ஃபேசிங் பண்ணியே ஆக வேண்டுமென்றால், ஹெட் கீழே இறங்கியதால் பெல்ட் வழியாக கேம் டைமிங் கொஞ்சம் பின்தங்கும். அட்ஜஸ்டபிள் கேம் புல்லி வைத்துச் சரி செய்யுங்கள்.

கேம் 260 டிகிரி சொச்சம். அதற்கு மேல் போகாதீர்கள். கேம் விற்கிறவர் என்ன ஸ்ப்ரிங் சொல்கிறாரோ அதையே வாங்குங்கள், கேமும் ஸ்ப்ரிங்கும் தனித்தனிக் கடையில் வாங்கினால் அப்புறம் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மாட்டிய பிறகு வால்வு பிஸ்டனைத் தொடுகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, பிரித்து, பள்ளத்தை வெட்டி அளங்கள். மெல்லியதாக நிற்கிற இடத்தில் இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருந்தால்தான் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஹெட்டில் போர்ட்டைப் பெரிதாக்காதீர்கள். வார்ப்பில் இருக்கும் பிசிறை எடுத்து, கேஸ்கட்டும் போர்ட்டும் நேராகச் சேரும்படி செய்து, வால்வு சீட்டை 30, 45, 60 என மூன்று கோணத்தில் வெட்டினால் போதும். இன்லெட் சீட் 1 மி.மீ. அகலம், எக்ஸாஸ்ட் 1.5. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை அந்தச் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறக்குகிறது, அதைச் சுருக்கினால் வால்வு எரியும்.

ஹெடர் 4-2-1 (நான்கு குழாய் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாவது). த்ராட்டில் பாடி கம்பெனியுடையதே. ஃப்ளைவீலை விட்டுவிடுங்கள், கொண்டை ஊசியில் பின்னால் லாரி நிற்க, மேட்டில் வண்டியைக் கிளப்பும்போது அந்த எடையின் அருமை தெரியும். மிச்சமிருக்கும் பணத்தில் ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, முன் பிரேக்கையும் டயரையும் புதுப்பியுங்கள். கடைசியாக, வைட்பேண்ட் சென்சர் (காற்று-பெட்ரோல் விகிதத்தை எக்ஸாஸ்டில் அளப்பது) மாட்டி ஈ.சி.யூ.வை (எஞ்சின் கம்ப்யூட்டரை) ட்யூன் பண்ண ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். எஞ்சினுக்கென்று வைத்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 40-ஐ மெஷின் வேலைக்கும் 20-ஐ ட்யூனிங்குக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் பார்ட்ஸ் வாங்குங்கள்.

கம்பெனி சொன்னது 85 குதிரைசக்தி. இப்படிக் கட்டினால் 100 பக்கம் எதிர்பார்க்கலாம். எண் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆழியாறில் மூன்றாவது கியரிலேயே ஏறும்போது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: 1.3 எஞ்சினோடு ஏன் போராட வேண்டும்? பழைய பலேனோவின் 1.6 எஞ்சினை எஸ்டீமில் இறக்கிவிட்டால் வேலை முடிந்ததே என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து?
– வாசகர், திருப்பூர்

பதில்: எஞ்சினாகப் பார்த்தால் நண்பர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 1999-ல் வந்த பலேனோவின் ஜி16பி எஞ்சின் 75 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 1,590 சி.சி., 94 குதிரைசக்தி. நீண்ட ஸ்ட்ரோக், அதனால் கீழ் ஆர்.பி.எம்.மிலேயே நல்ல இழுவை. ரோட்டு வண்டிக்கு அதுதான் வேண்டும். ஆனால் இதைக் கொண்டுபோய் 7,500 சுற்ற வைக்க நினைக்காதீர்கள். 7,000-லேயே பிஸ்டன் வேகம் விநாடிக்கு 21 மீட்டர் ஆகிவிடும். இதற்கு 6,500 போதும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது; எஞ்சினை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ.வின் அனுமதி வேண்டும். எஞ்சின் எண் பொருந்தாத வண்டி விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். எஞ்சின் வாங்குவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். விற்கிறவரிடம் எஞ்சினுக்கான பில்லும் அந்த எஞ்சின் வந்த வண்டியின் காகிதமும் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் எஞ்சினை ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டுக் கட்டினேன். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டீசல் வண்டி மாதிரி தடதடவென்று சத்தம். ஐந்து நிமிடம் கழித்து அடங்கிவிடுகிறது. கட்டியவர் ‘அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். ஏமாற்றுகிறாரா?
– வாசகர், மதுரை

பதில்: ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஃபோர்ஜ்டு பிஸ்டனில் இரண்டு உலோகக் கலவைகள் பரவலாக உண்டு. 2618 என்பதில் சிலிக்கன் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் சூட்டில் நிறைய விரியும். அதனால் குளிர்ந்த நிலையில் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே அதிக இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். பிஸ்டன் காலையில் அந்த இடைவெளியில் இடமும் வலமும் தட்டும். சூடேறியதும் விரிந்து நிரப்பிக்கொள்ளும். 4032 என்பதில் சிலிக்கன் 12 சதவீதம் பக்கம். விரிவது குறைவு, இடைவெளியை இறுக்கமாக வைக்கலாம், சத்தம் இராது. டர்போ இல்லாத ரோட்டு எஞ்சினுக்கு ஃபோர்ஜ்டு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் 4032-ஐத்தான் சொல்கிறேன். உங்கள் பிஸ்டன் பெட்டியில் எது என்று போட்டிருக்கும், பாருங்கள்.

2618 என்றால் பயம் வேண்டாம். ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டும். சத்தம் அடங்கும் வரை 2,500-ஐத் தாண்டாதீர்கள். நின்ற இடத்திலேயே சூடேற்றவும் வேண்டாம், மெல்ல ஓட்டிக்கொண்டே சூடேற்றுங்கள். நன்றாகச் சூடான பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால், அல்லது மாதத்துக்கு மாதம் கூடுகிறது என்றால், அது வேறு விஷயம். உடனே பிரித்து ஸ்கர்ட்டை (பிஸ்டனின் கீழ்ப் பக்கச் சுவரை) பாருங்கள். கட்டியவரிடம் எத்தனை மைக்ரான் இடைவெளி விட்டார் என்று கேளுங்கள். எண் சொன்னால் நல்ல கை. ‘கரெக்டா வெச்சிருக்கேன்’ என்று மட்டும் சொன்னால் யோசிக்க வேண்டியதுதான்.

கேள்வி: ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மட்டும் போட்டால் எவ்வளவு பவர் ஏறும்?
– வாசகர், கரூர்

பதில்: மற்றதெல்லாம் கம்பெனி நிலையில் இருக்கும்போது, கையால் உணரும் அளவுக்கு ஏறாது. சத்தம் ஏறும். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தில் உங்கள் வண்டி கிளம்புகிறது என்பதை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: ஐயா, கார்புரேட்டர் ஜிப்ஸி வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். இப்போது பங்கில் வருவதெல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டலாமா, அல்லது இந்தப் பெட்ரோலுக்கு அது தாங்காதா?
– வாசகர், வேலூர்

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள். எஞ்சின் கட்டுகிறவர் இன்றைக்குப் பார்ட்ஸ் தேர்வு செய்யும்போது இந்தப் பெட்ரோலை மனதில் வைக்காமல் எதுவும் வாங்கக் கூடாது.

எத்தனாலுக்கு நாக்கிங் தாங்கும் சக்தி அதிகம், ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்யும். ஆகவே கம்ப்ரஷன் கொஞ்சம் ஏற்ற நினைப்பவருக்கு அது எதிரி இல்லை. உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் ஏறக்குறைய 13.5-க்கு வந்துவிடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஆக்ஸிஜன் சென்சர் இதைக் கண்டுபிடித்து, சாதாரண ஓட்டத்தில் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண்ணில்லை. ஜெட் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். பழைய ஜெட்டில் உங்கள் எஞ்சின் லீனாக (பெட்ரோல் குறைந்து, காற்று கூடி) ஓடும். மே மாத வெயிலில், முழுப் பாரத்தோடு, ஏலகிரி மேட்டில் லீனாக ஓடுகிற எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டன் தலையும் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முதலில் மெயின் ஜெட்டை ஒரு படி, தேவைப்பட்டால் இரண்டு படி பெரிதாக்குங்கள். எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் சென்சர் மாட்டி, முழு மிதியில் லாம்ப்டா (1 என்றால் சரியான கலவை, குறைந்தால் பெட்ரோல் கூடுதல்) 0.87 பக்கம் வருகிறதா என்று பாருங்கள். ஏர்-ஃப்யூல் எண்ணைப் பார்க்காதீர்கள், லாம்ப்டாவைப் பாருங்கள். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு இருந்தாலும் லாம்ப்டா பொய் சொல்லாது. அப்புறம் பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கட், டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனாலுக்கு ஏற்றதாக மாற்றுங்கள். பழைய ரப்பர் ஊறி, உப்பி, பிறகு வெடித்துக் கசியும். சூடான மேனிஃபோல்டுக்கு மேலே பெட்ரோல் கசிவது விளையாட்டு இல்லை. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவரானால் டேங்கை வடித்துவிடுங்கள், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.

இவ்வளவும் முடித்து, ஒரு கோடை ஓட்டிப் பார்த்து, பிளக் நிறம் வெளிறாமல் இளம் பழுப்பாக இருந்தால், கம்ப்ரஷன் பற்றிப் பேசலாம். எழுதுங்கள்.

கேள்வி: நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. வீட்டில் ஒரு மாருதி 800 சும்மா நிற்கிறது. அந்த எஞ்சினைப் பிரித்து நானே கட்டிக் கற்றுக்கொள்ள ஆசை. பார்ட்ஸ் வாங்கக் கையில் அதிகப் பணமில்லை. எதில் தொடங்குவது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மாருதி 800-ஐக் குறைவாக நினைக்காதீர்கள். எங்கள் கோவையில் கரிவரதன் அந்தச் சின்ன எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். இந்த நாட்டில் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் ஒற்றை இருக்கைக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான். மூன்று சிலிண்டர், 796 சி.சி., இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் எனக்குத் தெரியாது.

பார்ட்ஸ் எதுவும் வாங்காதீர்கள். அளக்கும் கருவிகள் வாங்குங்கள். 25–50 மி.மீ., 50–75 மி.மீ. என மைக்ரோமீட்டர் இரண்டு, டயல் போர் கேஜ் ஒன்று, ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச். பியூரெட் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கேட்டால் தருவார்கள். பழையதாக வாங்கினால் மைக்ரோமீட்டரின் பூஜ்யத்தைச் சோதித்து வாங்குங்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொரு பேரிங் கேப்பும் ராடும் எந்த இடம், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறியிடுங்கள். மாறினால் திரும்பப் பொருந்தாது. பிறகு எல்லாவற்றையும் அளந்து, மேனுவலில் உள்ள அளவுக்கு நேரே எழுதுங்கள். தேய்ந்ததை மட்டும் மாற்றுங்கள். புது ரிங்கு வாங்கினால் நேரே மாட்டிவிடாதீர்கள். சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைக் கவிழ்த்து அதால் நேராகத் தள்ளி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். மேல் ரிங்குக்கு ஒவ்வொரு 25 மி.மீ. போருக்கும் 0.1 மி.மீ. என்பது என் கணக்கு. இடைவெளி போதாமல் போனால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி ரிங்கு உடையும், சிலிண்டரைக் கீறும். குறைந்தால் சின்ன அரத்தால், உள்நோக்கி ஒரே திசையில், ஒரு தடவை இழுத்து ஒரு தடவை அளந்து, பொறுமையாக எடுக்க வேண்டும்.

நான் ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்த முதல் ஆறு மாதம் இதைத்தான் செய்தேன். பம்ப் எஞ்சின் ரிங்குகள், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது. மேஸ்திரி பக்கத்தில் நிற்க மாட்டார், சாயங்காலம் வந்து நான்கைந்தை எடுத்து அளந்து பார்ப்பார்.

உங்கள் எண்கள் எல்லாவற்றையும், மூன்று சிலிண்டருக்கும், கிராங்க் ஜர்னல்களுக்கும், ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ரீபோர் வேண்டுமா, ஹோனிங் மட்டும் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, தபாலிலேயே பதில் எழுதுகிறேன்.